கவுதாரி பார்க்கப் போகும் முன்

"அண்ணே, சாக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் கவுதாரி வேட்டைக்குப் போய் வரலாமா?"

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஊருக்கு வந்த இடத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கேள்வி. அங்கே தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் புல்வெளியில் நண்பர்களோடு ஃபெசன்ட் கோழி சுடப் போயிருக்கிறார். உரிமம், துப்பாக்கி, மோப்ப நாய், தங்கும் இடம் என்று ஒரு மாதம் முன்பே திட்டம் போட்டுப் போவார்களாம். நம் ஊர்ப் பொட்டலிலும் அப்படி ஒரு காலைப்பொழுது வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சிவகங்கைச் சீமையில் இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை கவுதாரி, காடை, முயல் எல்லாம் வீட்டுக்கு வந்த உணவுதான். கலித்தொகையின் மருதப் பாடல் ஒன்றிலேயே காடைச் சண்டை பற்றிய பேச்சு வருகிறது. இந்தப் பறவைகளுக்கும் நமக்கும் உள்ள பழக்கம் அவ்வளவு பழையது. அதனால் ஒரே சொல்லில் மறுத்துவிட்டு எழுந்து போகாமல், விவரமாகவே சொல்லலாம் என்று தோன்றியது. ஊருக்கு வரும் மற்றவர்களுக்கும் அது பயன்படும்.

வேட்டைக்குப் போக முடியாது. ஆனால் போகலாம். எதற்கு, எப்போது, எப்படி என்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912-இல், காட்டுப் பறவைகள் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. இன்ன மாதங்களில் கவுதாரி, காடை போன்றவற்றைப் பிடிக்கக் கூடாது என்று மாகாண அரசுகள் தடைக்காலம் விதிக்க அது வழி செய்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடச் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்கும் ஏற்பாடு இருந்தது. 1991-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த உரிமங்களை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அபராதத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மூன்றாண்டுச் சிறையும் உண்டு.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, வலை கட்டுவது, நாயை விட்டு விரட்டுவது, இரை போட்டு வரவழைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வீட்டுத் திண்ணையில் கூண்டு தொங்கவிட்டுக் கவுதாரி வளர்ப்பதும் குற்றம். கிராமங்களில் இன்றைக்கும் சிலர் அப்படி வளர்ப்பது எனக்குத் தெரியும். பெரும்பாலும் பாசத்தால் வளர்க்கிறார்கள். ஆனால் பழக்கிய ஒரு கவுதாரியைக் கூண்டோடு பொட்டலில் வைத்து, சுற்றிக் கண்ணி விரித்தால், அதன் குரல் கேட்டுச் சண்டைக்கு வரும் காட்டுக் கவுதாரி சிக்கிவிடும். ஓர் ஊரின் கவுதாரிகளைத் துப்பாக்கியை விட வேகமாகத் தீர்த்துக்கட்டக்கூடியது இந்த முறை. சத்தமே இல்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

அப்படியானால் அமெரிக்காவில் மட்டும் எப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, இதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அவர் சுட்ட ஃபெசன்ட் அந்த மண்ணின் பறவையே இல்லை. 1880-களின் தொடக்கத்தில் ஷாங்காயிலிருந்து கப்பலில் ஓரிகன் மாநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெருகிப் பரவியது. தெற்கு டக்கோட்டாவில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான் சுடலாம். பெட்டையைத் தொடக் கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் என்பதால், சேவல்களில் ஒரு பகுதி குறைந்தாலும் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் குறைவதில்லை. சேவல் பளபளக்கும் நிறத்தில் இருக்கும், பெட்டை மண் நிறத்தில் இருக்கும். எழுந்து பறக்கும்போதே வேறுபாடு தெரிந்துவிடும்.

நம் கவுதாரிக்கு இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் காலில் உள்ள முள்ளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்; பறக்கும் பறவையின் கால்முள்ளை யார் பார்ப்பது? அதோடு இது ஜோடியாக வாழும் பறவை. ஒன்றைச் சுட்டால் ஒரு குடும்பம் கலைகிறது. அந்த நாட்டு விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து, அளவோடு வேட்டையாடலாமே என்று வாதிட இடமில்லை.

ஆனால் அங்கிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போக வேண்டும் என்று 1937-இல் அவர்கள் சட்டம் போட்டார்கள். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அது 11 விழுக்காடு. 1985-இல் இன்னொரு திட்டம் வந்தது. எளிதில் அரித்துப்போகும் நிலத்தை உழாமல், பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் புல் வளர விட்டால், அரசு விவசாயிக்கு வாடகை தரும். 2007-இல் அப்படி விடப்பட்ட நிலம் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் வரை போனது. மண் அரிப்பைத் தடுக்கவும் தானிய விலை சரியாமல் காக்கவும் போட்ட திட்டம் அது. ஆனால் புல் வந்த இடமெல்லாம் பறவையும் வந்தது. பிறகு சோள விலை ஏறி, அந்த நிலங்களை மறுபடி உழுதபோது பறவையும் குறைந்தது. வேட்டையைத் தடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் அங்கே சாட்சி இருக்கிறது. கிழக்குக் கரையோரம் ஹீத் கோழி என்று ஒன்று இருந்தது. ஏராளமாகச் சுட்டுத் தின்றார்கள். கடைசியில் ஒரு தீவில் மட்டும் மிஞ்சியது. அங்கே சரணாலயம் அமைத்துக் காவல் போட்டும், தீயும் நோயும் இரைகொல்லிப் பறவைகளும் சேர்ந்து முடித்துவிட்டன. 1932-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. சுடுவது, சுடாதிருப்பது இரண்டையும் விட நிலம்தான் ஒரு தரைப்பறவையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

நான் சொல்ல வந்தது அந்த நிலத்தைப் பற்றித்தான்.

காரைக்குடியிலிருந்து புதுவயல் போகும் வழியில் சாக்கோட்டை. வீரசேகரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும், புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவர்களுக்கும் அந்த ரோடு தெரியும். ரோட்டை விட்டு இறங்கி நடந்தால் செம்மண், சரளை, செம்புறாங்கல் மேடு. அங்கங்கே சூரை, காரை, கிளுவை, ஆவாரை, உடைமரம். ஊருக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அந்தக் காரைச் செடியை இன்று காரைக்குடி நகருக்குள் தேடினால் கிடைக்காது; இங்கே வந்தால் உண்டு. மானாவாரிக் கடலைக் கொல்லை, உளுந்து, அதை அடுத்து ஆடு மேயும் தரிசு. வெளியூர்க்காரர் இதைப் பார்த்தால் ஒன்றுமில்லாத பொட்டல் என்பார். கவுதாரிக்கு வேண்டிய எல்லாம் அந்தப் பொட்டலில் இருக்கிறது.

எப்படி என்றால், அதன் ஒரு நாளைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். இரவில் அது தரையில் தூங்காது. நரியும் பாம்பும் எட்டாதபடி தாழ்ந்த முள்மரத்தில் ஏறி அடையும். விடியும் முன்பே ஒரு குரல் கிளம்பும், அடுத்த கொல்லையிலிருந்து மறுகுரல் வரும். சற்று நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தச் சத்தம்தான். இறங்கியதும் புல்விதை, சிந்திய தானியம், கறையான், வண்டு என்று மேயும். வெயில் ஏறினால் புதர் நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி மேய்ச்சல், மறுபடி கூப்பாடு. ஆபத்து என்றால் முதலில் ஓடும். அதன் கால்கள் ஓட்டத்துக்காகவே அமைந்தவை. மிக நெருங்கிவிட்டால்தான் படபடவென்று எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, இன்னொரு புதரில் விழுந்து மறுபடி ஓடும். ஆக, ஓடுவதற்குத் திறந்த தரை, ஒளிவதற்குப் புதர், அடைவதற்கு முள்மரம், மேய்வதற்குப் புல்லும் கொல்லையும் நாலும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று போனாலும் கவுதாரி போய்விடும். சுற்றிலும் நெல்வயல் ஆக்கினாலும் ஆகாது, தைல மரம் நட்டு நிரப்பினாலும் ஆகாது. சீமைக் கருவேல் ஓரமாய் நிற்கிற வரை அதில் ஏறி அடையும். அதுவே அடர்ந்து மூடி அடியில் புல் முளைக்காமல் செய்துவிட்டால் கவுதாரிக்கு அங்கே வேலை இல்லை.

முட்டை விஷயமும் முக்கியம். பெரும்பாலும் சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை அது முட்டையிடும் காலம். புதரடியில் தரையைச் சற்றுக் குழித்து ஆறு, எட்டு என்று இடும். பொரிந்த குஞ்சுகள் உடனே தாயோடு ஓடத் தொடங்கும். முதல் சில வாரங்களுக்கு அவற்றுக்குப் பூச்சிதான் உணவு. கறையான் கிடைத்தால் கொண்டாட்டம். கொல்லையில் பூச்சிமருந்து அடித்தால் குஞ்சு பட்டினி கிடக்கும். இதை விவசாயிகளிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள், ஏனென்றால் கறையானையும் வண்டையும் கவுதாரி பொறுக்குவதை அவர்களே தினம் பார்க்கிறார்கள்.

இனி பயணத் திட்டம். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த புல் விதை விட்டுக் காய்ந்திருக்கும்; அறுவடை நடக்கும்; கூடு கட்டும் காலமும் இல்லை. பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் காடையும் இருக்கும். ஐந்தரை மணிக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினால் குரல் தொடங்கும் நேரத்துக்கு வெளியில் நிற்கலாம். எட்டரைக்குத் திரும்பிவிடலாம், அதற்கு மேல் இருந்து பயனில்லை.

முதல் நாள் மாலையே போய் ஆட்களைப் பார்த்துவிடுங்கள். கொல்லை யாருடையது என்று கேட்டு, "அய்யா, காலையில் குருவி பார்க்க வரலாமா?" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தரிசு என்றாலும் அதற்கு உடையவர் உண்டு, அல்லது ஊர்ப் பொது உண்டு. அதைவிட முக்கியம், கீதாரியைப் பார்ப்பது. ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போகிற கீதாரிக்குத் தெரியாத புதர் கிடையாது. எந்த ஓடைக்கரையில் கவுதாரிக் கூட்டம் இறங்குகிறது, எந்த மரத்தில் அடைகிறது என்று அவர் சொல்லுவார். அந்த அறிவுக்கு மரியாதை கொடுங்கள், நேரத்துக்கு உரிய பணமும் கொடுங்கள்.

மங்கலான நிறத்தில் முழுக்கால் சட்டை, கணுக்கால் மூடும் பூட்ஸ். நெருஞ்சிக்காகவும் பாம்புக்காகவும் இதைச் சொல்கிறேன். சுருட்டை விரியன் இதே சரளையில்தான் வாழ்கிறது. இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், புதருக்குள் கை விடாதீர்கள். தண்ணீர், தொலைநோக்கி போதும். நாய் வேண்டாம், அமெரிக்காவில் மோப்ப நாய் நல்ல துணை, இங்கே அது சட்டப்படியும் தப்பு, பறவைக்கும் கேடு. கைப்பேசியில் கவுதாரிக் குரலைப் போட்டுக் காட்டி வரவழைக்கும் பழக்கம் இப்போது படம் எடுக்கிறவர்களிடம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூண்டில் பழக்கிய கவுதாரியை வைத்துக் கூப்பிடும் பழைய தந்திரம்தான் அதுவும். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி ஓடிவரும் பறவை மேய்ச்சலையும் ஜோடியையும் விட்டுவிட்டு அலைகிறது.

புதருக்குள் நுழையாமல், கொல்லை வரப்போரம் ஒரு மரத்தடியில் அசையாமல் உட்காருங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முதலில் ஆட்காட்டிதான் உங்களைக் கண்டுபிடிக்கும். கத்தி ஊரைக் கூட்டும். வேட்டைக்காரர்களுக்கு அந்தக் குருவி மேல் எப்போதும் கோபம். அது அடங்கும் வரை பொறுத்திருங்கள். கால் மணி நேரம் போனதும் புல்லுக்குள் அசைவு தெரியும். மண் நிற உடம்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள், வெளிறிய தொண்டையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், சிவந்த கால்கள். எழும்பிப் பறந்தால் வாலோரத்தில் செம்பழுப்பு தெரியும். அறிவியல் உலகம் இதற்குப் பாண்டிச்சேரியின் பெயரையே சூட்டியிருக்கிறது. 1789-இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் வைத்தது. காங்கிரஸ் இயக்கத்தைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து எழுதி, 1879 முதல் 1881 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த இந்திய வேட்டைப் பறவைகள் நூலில் இதற்கும் இடம் உண்டு. அந்தக் காலத்தில் பறவையை அறிந்தவர்கள் சுட்டு அறிந்தவர்கள். இன்று தொலைநோக்கி வந்துவிட்டது, அந்தத் தேவை இல்லை.

அதிர்ஷ்டம் இருந்தால் வரிக்காடையும் தென்படும். அந்த இனத்தில் பெண்தான் நிறம் மிகுந்தது, பெண்தான் குரல் கொடுத்து ஆணை அழைக்கும். ஆண் அடைகாத்துக் குஞ்சை வளர்க்கும். வறண்ட வெளிகளில் வாழும் கல்கவுதாரி காலையில் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். அதன் ஆண், வயிற்று இறகை நீரில் நனைத்துப் பஞ்சில் ஏந்தினாற்போல் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். ஒரு தோட்டாவில் தெரிந்துகொள்ள முடியாத செய்திகள் இவை.

திரும்பி வந்து பசித்தால் காரைக்குடி மெஸ்களில் காடை வறுவல் கிடைக்கும். தாராளமாகச் சாப்பிடுங்கள். அது ஜப்பானியக் காடை, பண்ணையில் வளர்வது. பதினேழு, பதினெட்டு நாளில் பொரிந்து, ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வருகிறது. அடைகாக்கும் குணமே மறந்துபோன இனம் என்பதால் கருவியில்தான் பொரிக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தன் பெயரிலேயே ஒரு காடை ரகத்தைக் கொடுத்திருக்கிறது. மிளகும் சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் செட்டிநாட்டுச் சுவைக்கு இந்தக் காடையே போதும். "காட்டுக் கவுதாரி இருக்கு, வேணுமா" என்று யாராவது காதோடு சொன்னால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். வாங்குகிற ஆள் இல்லாவிட்டால் கண்ணி வைக்கிற ஆளும் இருக்க மாட்டார்.

கண்ணி வைக்கிறவர் பற்றி ஒரு வார்த்தை. வேட்டைத் தடையின் முழுச் சுமையும் நரிக்குறவர்கள் தோளில் விழுந்தது. ராஜாவும் துரையும் ஜமீனும் பொழுதுபோக்காகச் சுட்டதை நிறுத்தியதில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. இவர்களுக்கு அதுவே பிழைப்பு. பாசிமணி விற்கப் போனார்கள். பழங்குடிப் பட்டியலில் இவர்களைச் சேர்க்கும் சட்டமே 2023 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. காற்றின் திசை, கால்தடம், குரல் எல்லாம் தெரிந்த இந்த மக்களைப் பறவை காட்டும் வழிகாட்டிகளாக வனத்துறை பயிற்சி கொடுத்து அமர்த்த வேண்டும். எந்தப் புத்தகமும் கற்றுத்தராத அறிவு அவர்களிடம் இருக்கிறது. மாசியில் சிவராத்திரியை ஒட்டிச் சில ஊர்களில் நடக்கும் பாரிவேட்டையும் இப்படித்தான் மாற வேண்டும். சாமி கும்பிடட்டும், ஊர் கூடி நடக்கட்டும், உயிர் மட்டும் போக வேண்டாம்.

ஊர் நினைத்தால் முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே வேட்டங்குடி இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977-இல் அது சரணாலயமும் ஆனது. ஆனால் நீர்ப்பறவைக்குக் கிடைத்த இந்த மரியாதை பொட்டல் பறவைக்கு இன்னும் கிடைக்கவில்லை. கண்மாய் என்றால் காக்க வேண்டியது என்று எல்லாருக்கும் தெரிகிறது. முட்புதர் என்றால் அழிக்க வேண்டியது என்று நினைக்கிறோம். 2000-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுப்பு, புதர்வெளிகளைப் பயனற்ற நிலக் கணக்கில்தான் சேர்க்கிறது. பயனற்றது என்று எழுதிவிட்டால் தோட்டம் போடவும், பிளாட் போடவும், குவாரி தோண்டவும் யாரும் தயங்குவதில்லை. மேலூர் அருகே அரிட்டாபட்டியின் பாறையும் புதரும் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயிற்று. அதையும் உள்ளடக்கிய வட்டாரத்தை 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் திரண்டு நின்ற பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

பொங்கலுக்கு ஊர் வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். சாக்கோட்டைப் பொட்டலில் இத்தனை கவுதாரி என்று ஆண்டுதோறும் எழுத்தில் இருந்தால், நாளை அந்த நிலத்தை யாரும் வெறும் தரிசு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் பங்காளிகளோடு பாகம் பிரித்த மேட்டுக் கொல்லை ஏதாவது இருந்தால், அதன் வேலியோரத்துச் சூரையையும் காரையையும் ஜேசிபி விட்டு வழித்தெடுக்காதீர்கள். நாலு முழ அகலம் விட்டுவைத்தாலும் கவுதாரி அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்.